‘ஒரே ஒரு பீர்தானே, புது ஈரல் தாங்கும்’ என்கிறார் கணவர்: என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. குடியால் ஈரல் சுருங்கிப்போய், மாற்று அறுவை சிகிச்சை நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. என் ஈரலில் இருந்துதான் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இப்போது நன்றாகத் தேறி வேலைக்குப் போகிறார். போன மாதம் அலுவலக விருந்துக்குப் போய்விட்டு வந்தபோது வாடை அடித்தது. கேட்டதற்கு முதலில் ‘ஆல்கஹால் இல்லாத பீர்’ என்றார். அப்புறம் ‘ஒரே ஒரு பீர்தானே, புது ஈரல் தாங்கும்’ என்றார். அன்று ராத்திரி மாத்திரையும் போடவில்லை. ‘என் வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தது இதுக்குத்தானா?’ என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து அவர் உள்ளே வந்ததும் வாயை முகர்ந்து பார்க்கிறேன், பையைச் சோதிக்கிறேன். காலையில் அவர் கை நடுங்குகிறது, அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களா? சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை விட வைக்கும் மருந்து இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அது தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது அந்த பீர் இல்லை, அன்று ராத்திரி போடாமல் விட்ட மாத்திரை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாற்று ஈரல் வைத்துக்கொண்டவர்கள் குடித்த அன்று மாத்திரையைத் தவிர்ப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. ‘மதுவும் மருந்தும் ஒன்றாகச் சேரக்கூடாது’ என்று எங்கோ கேட்டிருப்பார்கள். தப்பு செய்துவிட்டோம், மாத்திரையையும் போட்டு இன்னும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள், உடம்பு அந்த ஈரலை அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்காமல் தடுத்து வைத்திருக்கின்றன. பொதுவாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் தினமும் இரண்டு வேளை போட வேண்டியவை. வேளை தவறிக்கொண்டே போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும், உடம்பு ஈரலை நிராகரிக்க ஆரம்பிக்கும். குடித்திருந்தாலும் மாத்திரை போட்டே ஆக வேண்டும். இன்றைக்கே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். குடித்ததைப் பற்றிய பேச்சோடு கலக்காமல் இதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்துவிட்டாலோ, ஒரு வேளை விட்டுப்போனாலோ, அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடச் சொல்லாதீர்கள். மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு போன் செய்து கேளுங்கள்.

இனி அவர் சொன்ன ‘புது ஈரல் தாங்கும்’ என்பதைப் பார்ப்போம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். மஞ்சள் காமாலை போய்விட்டது, வயிற்றில் நீர் இல்லை, பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அழகாக இருக்கின்றன. உடம்பு இவ்வளவு நன்றாக இருக்கும்போது எச்சரிக்கை மங்கிப்போகும். ஆனால் குடிநோய் இருந்த இடம் மூளை. அறுவை சிகிச்சையில் அங்கே யாரும் கை வைக்கவில்லை. பல வருடம் குடித்துப் பழகிய மூளைக்கு ஒரு பீர் பல நேரம் ஒரு பீரோடு நிற்பதில்லை. இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் ஈரல் கெடப் பதினைந்து, இருபது வருடம் ஆகியிருக்கலாம். மாற்று ஈரல் வந்த பிறகு மறுபடி அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தவர்களில் சிலருக்கு ஐந்து வருடங்களுக்குள்ளேயே அந்த ஈரலும் சுருங்கிவிடுகிறது. அப்படி மறுபடி கெட்டால், இன்னொரு மாற்று ஈரலுக்குப் பெரும்பாலான மையங்கள் ஒத்துக்கொள்வதில்லை. இவருக்கு என்று ஒரு ‘பாதுகாப்பான அளவு’ கிடையாது.

‘ஆல்கஹால் இல்லாத பீர்’ என்று விற்பதிலும் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கக்கூடும். அந்த அளவைவிட எனக்குப் பெரிய கவலை அதே பாட்டில், அதே கசப்பு, அதே மேசை, அதே ஆட்கள். மூளைக்குப் பழைய வழியை ஞாபகப்படுத்த அது போதும். அதுவும் வேண்டாம்.

ஆனால் நடந்த ஒன்றை வைத்து எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 12 மையங்களில், கடுமையான மது ஈரல் அழற்சிக்காக மாற்று ஈரல் பெற்ற 147 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்கள் ஆறு மாதம்கூடக் குடிக்காமல் இருந்து காட்டாதவர்கள், அதாவது ஆபத்து அதிகம் என்று கருதப்பட்டவர்கள். மூன்று வருடத்துக்குள் ஒரு தடவையாவது குடித்தவர்கள் 34 சதவீதம். தொடர்ந்து குடிக்கும் நிலைக்குப் போனவர்கள் 17 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சறுக்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தத் தொடர் குடிக்குப் போகவில்லை.

அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே எது நிற்கிறது? மனச்சோர்வு, தூக்கமின்மை, குடும்பத்தில் குடிப்பழக்கம், புகை, தனிமை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் நான் மனநல மருத்துவராக மாற்று சிகிச்சைக் குழுவோடு வேலை செய்து பார்த்ததில், திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது மறைத்தல். குடித்த மறுநாளே யாரிடமாவது சொல்ல முடிந்தவர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறார். சொல்ல முடியாதவர் அந்த ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்கிறார், பொய்யின் குற்ற உணர்வை மறக்க மறுபடி குடிக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்துவிடும் என்று செக்கப்பைத் தள்ளிப்போடுகிறார். அதனால் உங்கள் வீட்டில் முதலில் நடக்க வேண்டிய காரியம், உண்மையைச் சொன்னால் தாங்கும் இடமாக அந்த வீடு இருப்பது. நான் இனி சொல்லப்போகும் எல்லாமே இதற்காகத்தான்.

‘என் வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தது இதுக்குத்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் மாட்டேன். அதை என்னைப் போன்ற ஒருவரிடமோ, கவுன்சிலரிடமோ, உங்கள் அக்கா தங்கையிடமோ கொட்டித் தீருங்கள். அவரிடம் மட்டும் அதை மருந்தாகப் பயன்படுத்த முடியாது. வீட்டில் ஒருவரே ஈரல் கொடுத்திருக்கும்போது, வாங்கிக்கொண்டவர் மனதில் திருப்பிக் கொடுக்கவே முடியாத கடன் ஒன்று உட்கார்ந்திருக்கும். உங்கள் வயிற்றுத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அது கணக்குக் கேட்கும். குடித்து மறந்துபோகத் தோன்றும் விஷயங்களில் இப்படிப்பட்ட வெட்கம் முன்னால் நிற்கிறது. நன்றி இல்லாததால்தான் குடித்தார் என்று உங்களுக்குத் தோன்றலாம். நன்றியின் பாரம் தாங்காமல் குடிக்கிறவர்களையும் நான் பார்க்கிறேன்.

அவரிடம் எப்படிப் பேசுவது? சாயங்காலம் உள்ளே வரும்போது வேண்டாம், குடித்திருக்கும்போது நிச்சயம் வேண்டாம். காலையில் மாத்திரை போட்டு முடித்து, இருவரும் அவசரமில்லாமல் இருக்கும் நேரம் பாருங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. இப்படிச் சொல்லலாம்: ‘அன்னைக்கு நீங்க குடிச்சது எனக்குத் தெரியும். ஏன்னு கேட்கப்போறதில்ல. எனக்குப் பயமா இருக்கு. அடுத்த செக்கப்புக்குப் போறப்ப டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம். நீங்களே சொன்னா நல்லது, முடியலைன்னா நான் சொல்றேன்.’ அவ்வளவுதான். அப்புறம் அவர் பேசட்டும். முதல் தடவை எரிந்து விழலாம், எழுந்து போகலாம். விட்டுவிடுங்கள். நீங்கள் அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யப்போவதில்லை என்பது அவர் காதில் விழுந்துவிட்டது, அது வேலை செய்யும்.

டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. வைத்த ஈரலைக் காப்பாற்றுவதுதான் அந்தக் குழுவின் வேலை. மறுபடி குடிப்பதை, திரும்பி வரும் ஒரு நோயாகத்தான் அவர்கள் பார்க்க வேண்டும், பார்க்கிறார்கள். சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து. ரத்தத்தில் ஈரல் என்சைம்கள் ஏறியிருந்தால் அதற்கு நிராகரிப்பு, பித்தநாள அடைப்பு, தொற்று, மது என்று பல காரணங்கள் இருக்க முடியும். குடித்தது தெரியாவிட்டால் டாக்டர்கள் மற்ற காரணங்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். தேவையில்லாமல் ஈரலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி, தேவையில்லாத ஸ்டீராய்டு என்று போகும். எதிர்ப்பக்கமும் உண்டு: எல்எஃப்டி என்ற ஈரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை நார்மலாக இருப்பதால் அவர் குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது அந்த முகர்ந்து பார்க்கும் வேலை. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அது உங்களைத்தான் தின்கிறது, ஒன்றையும் கண்டுபிடிக்கவும் உதவாது. பாக்கும் புதினாவும் மெல்லத் தெரிந்தவர் உங்கள் மூக்கை ஏமாற்றிவிடுவார். மூக்கு தப்பாகச் சந்தேகப்பட்ட நாளில், குடிக்காமல் வந்தவருக்கு ‘எப்படியும் நம்பப்போவதில்லை, குடித்துவிட்டே வரலாம்’ என்று தோன்றும். அந்த வேலையை ரத்தப் பரிசோதனையிடம் ஒப்படையுங்கள். பெத் என்று சுருக்கமாகச் சொல்லும் பாஸ்ஃபாடிடைல் எத்தனால் பரிசோதனை இருக்கிறது. மது உடம்புக்குள் போனால் மட்டுமே சிவப்பணுக்களின் உறையில் உருவாகும் பொருள் அது. இரண்டு முதல் நான்கு வாரம் வரை ரத்தத்தில் தெரியும். எப்போதோ ஒரு நாள் கொஞ்சமாகக் குடித்தது தெரியாமல் போகலாம், தொடர்ந்து குடிப்பது தப்பாது. சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு பார்ப்பது இன்னொரு வகை. அது கடைசி மூன்று நாள் அளவுக்குத்தான் சொல்லும். அதில் வாய் கொப்பளிக்கும் திரவம், கை கழுவும் சானிடைசர் ஆகியவற்றின் ஆல்கஹால்கூடச் சில சமயம் பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால் ஒரே ஒரு முடிவை வைத்துச் சண்டை போடக்கூடாது.

இந்தப் பரிசோதனை அவருடைய சம்மதத்தோடு, வழக்கமாக எடுக்கும் டாக்ரோலிமஸ் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளின் கூடவே நடக்க வேண்டும். முடிவை டாக்டர் அவரிடம் பேசட்டும். பல நோயாளிகளுக்கு இது நிம்மதியாகக்கூட இருக்கிறது, ஏனென்றால் ‘நான் குடிக்கவில்லை’ என்பதற்கு முதல்முறையாக அவர்கள் கையில் ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

கை நடுக்கத்துக்கும் ஒரு வார்த்தை. டாக்ரோலிமஸே கை நடுக்கத்தைக் கொடுக்கும் மருந்து. டம்ளரைப் பிடிக்கும்போது, கையெழுத்துப் போடும்போது விரல்கள் மெல்ல அதிரும். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அதிகமாகத் தெரியலாம். குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் வேறு மாதிரி. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கும், கூடவே வியர்வை, படபடப்பு, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை வரும். எத்தனை மணிக்கு நடுங்குகிறது, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்று ஒரு வாரம் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். தீர்ப்பை அவர் சொல்லட்டும். நீங்கள் இத்தனை நாள் பயந்தது அந்த மாத்திரையின் வேலைக்காகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவர் தினமும் நிறையக் குடிப்பதாகத் தெரியவந்தால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். உறவினர் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும், அல்லது என்னவென்றே தெரியாத ஏதாவது பொடி. டைசல்ஃபிராம் ஈரலையே கெடுக்கக்கூடியது, மாற்று ஈரல் உள்ளவர்களுக்கு நாங்கள் அதைத் தவிர்க்கிறோம். தெரியாமல் கொடுத்து அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூலிகைப் பொடிகளும் அப்படித்தான். டாக்ரோலிமஸின் அளவை ஏற்றியோ இறக்கியோ விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி கொடுக்கும் சாப்பாட்டையே அவர் சந்தேகப்படும் நிலை வந்துவிட்டால் அங்கிருந்து திரும்பி வருவது கஷ்டம்.

குடிக்கும் ஆசையைக் குறைக்க, அவருக்குத் தெரிந்தே, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. பாக்லோஃபென் என்ற மருந்தை ஈரல் சுருக்கம் உள்ள நோயாளிகளிடமே சோதித்திருக்கிறார்கள், 2007-ல் அந்த ஆய்வு வெளியானது. அது தூக்கக் கலக்கம் கொடுக்கும், திடீரென்று நிறுத்தக் கூடாது. அகாம்புரோசேட் ஈரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறும். டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் கிரியாட்டினின் பார்த்துத்தான் அதன் அளவை முடிவு செய்ய வேண்டும். நால்ட்ரெக்சோன் இன்னொன்று. அது போடுபவர்களுக்கு மார்ஃபின் வகை வலிமருந்துகள் வேலை செய்யாது, வேறு அறுவை சிகிச்சை வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எது பொருந்தும் என்பதை ஈரல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அந்த ‘சேர்ந்து’ என்பது எனக்கு முக்கியம். இத்தாலியில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், மாற்று சிகிச்சைக் குழுவுக்குள்ளேயே குடிநோய்ப் பிரிவும் இருந்தபோது மறுபடி குடித்தவர்கள் 16 சதவீதம் பேர். வெளியே இருக்கும் மனநல மருத்துவர்களிடம் அனுப்பியபோது அது 35 சதவீதம். உங்கள் மையத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால், இரண்டு மருத்துவர்களும் ஒருவருக்கொருவர் கடிதமாவது எழுதிக்கொள்ளும்படி நீங்கள் கேளுங்கள். கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

மருந்தோடு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேச்சும் வேண்டும், ஒரு கவுன்சிலரிடமோ, குடியை விட்டவர்களின் குழுவிலோ. ‘நான் அறுவை சிகிச்சை முடிந்தவன், அவர்களைப் போல் இல்லை’ என்று பெரும்பாலும் மறுப்பார்கள். இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய்விட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால் அவருடைய ஆபத்தான நேரம் வேலை முடிவதற்கும் ராத்திரி மாத்திரைக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று மணி நேரம். முதல் சில மாதங்களில் வலியும் பயமும் காவல் காத்தன. இப்போது செக்கப் இடைவெளி நீண்டுவிட்டது, கையில் சம்பளம் வருகிறது, நண்பர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். குடிக்கும் ஆசை அலையாக எழுந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைக் கடத்த என்ன செய்வார் என்பது முன்னாடியே முடிவாகியிருக்க வேண்டும்: பசியோடு அலுவலகத்தை விட்டுக் கிளம்பாமல் இருப்பது, யாருக்கு போன் செய்வது, எந்த வழியாக வீட்டுக்கு வருவது. அடுத்த விருந்துக்குப் போவதா வேண்டாமா என்பதும் அப்படியே. ஒரு வருடம் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. போயே ஆக வேண்டும் என்றால் ‘டாக்டர் கூடாதுன்னுட்டார்’ என்ற ஒரு வரி போதும், விளக்கம் தேவையில்லை.

தூக்கம் வருகிறதா, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா, ‘எதுக்கு உயிரோட இருக்கேன்’ என்று சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். இதைக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாக ஆகாது, நேராகவே கேட்கலாம். அப்படிச் சொன்னால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். புகை பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிநோயால் மாற்று ஈரல் பெற்றவர்களுக்குப் பின்னாளில் வரும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கும் மாரடைப்புக்கும் புகைதான் பெரிய கூட்டாளி.

கடைசியாக, அம்மா வீட்டுக்குப் போவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. அவர் குடிப்பதும் குடிக்காததும் நீங்கள் கூட இருப்பதால் மட்டும் தீர்மானமாவதில்லை. கை ஓங்கினாலோ, வீட்டில் இருக்கவே பயமாக இருந்தாலோ யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். அப்படி இல்லாமல், களைத்துப்போய்க் கொஞ்ச நாள் மூச்சுவிட வேண்டும் என்றால் அதுவும் போதுமான காரணம்தான். நீங்களும் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். உங்கள் செக்கப் கடைசியாக எப்போது நடந்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தழும்பு இழுக்கிறதா, ராத்திரி தூங்குகிறீர்களா என்று உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்ல ஒரு நாள் ஒதுக்குங்கள். போவதென்றால், இத்தனை நாளில் திரும்புவேன் என்றோ, இன்னும் முடிவு செய்யவில்லை என்றோ அவரிடம் உள்ளபடி சொல்லிவிட்டுப் போங்கள், மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். மாத்திரை அட்டவணையையும் மாற்று சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் அவர் தம்பியிடமோ நெருங்கிய நண்பரிடமோ கொடுங்கள். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நிற்காத வாந்தி, தொடர்ந்து இரண்டு வேளை மாத்திரை விட்டுப்போவது, இதில் ஏதாவது ஒன்று என்றால் உடனே அந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.